இரண்டு மேலாளர்கள், ஒரு வளையம்: அப்போலோ–சோயுஸ் திட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1972 மே 24 அன்று மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் பிரதமர் கொசிகினும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி 1975-இல் ஓர் அமெரிக்க விண்கலமும் ஒரு சோவியத் விண்கலமும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இணைய வேண்டும். வீரர்கள் ஒரு கலத்திலிருந்து மற்றதற்குப் போய்வர வேண்டும். சொன்ன ஆண்டிலேயே, ஜூலை 17 அன்று, அமெரிக்காவின் அப்போலோவும் சோவியத்தின் சோயுஸும் இணைந்தன. சில மணி நேரம் கழித்து அவற்றின் தளபதிகள் தாமஸ் ஸ்டாஃபர்டும் அலெக்சி லியோனோவும் கதவு வழியே கைகுலுக்கினார்கள். அந்தக் கைகுலுக்கலின் அரசியலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு வேலையை வேறொரு திட்ட மேலாளரோடு பங்குபோட்டுச் செய்ய வேண்டியவர்களுக்கோ, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்கத் தரப்பின் தொழில்நுட்ப இயக்குநர் கிளின் லன்னி. அப்போது அவருக்கு வயது 35. அப்போலோ 13-இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்த பிறகு, ஜீன் கிரான்ஸின் குழுவிடமிருந்து கட்டுப்பாட்டு அறையைப் பொறுப்பேற்றுக்கொண்ட ஃப்ளைட் டைரக்டர், அதாவது தரையிலிருந்து பயணத்தை நடத்தும் தலைவர், இவர்தான். சோவியத் தரப்பில் கான்ஸ்டன்டின் புஷுயெவ். வயது 58. சோவியத் விண்வெளித் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலியோவுக்குத் துணையாக இருந்து விண்கலங்களை வடிவமைத்தவர். வெளியுலகுக்கு அவர் அறிவியல் அகாடமியின் பேராசிரியர். அவர் உண்மையில் வேலை பார்த்த வடிவமைப்பு நிறுவனத்தின் பெயரை வெளியே சொல்ல முடியாத காலம் அது.

இந்த இருவருக்கும் மேலே பொதுவான அதிகாரி யாரும் கிடையாது. பொதுவான பட்ஜெட், மொழி, அளவுமுறை எதுவும் கிடையாது. கல்யாண வேலையில் இரண்டு சம்பந்திகள் நிற்கும் நிலைதான்: யாரும் யாருக்கும் கீழே இல்லை, ஆனால் முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாது. நம் அலுவலகங்களில் இரண்டு வெண்டர்கள் முட்டிக்கொண்டால் கிளையண்ட்டிடம் போய் முறையிடலாம். இங்கே முறையிட வேண்டுமென்றால் ஒருவர் வெள்ளை மாளிகைக்கும் மற்றவர் கிரெம்ளினுக்கும் போக வேண்டும். அங்கே போய்விட்டால் அது பொறியியல் பேச்சாக இருக்காது.

பகிர்ந்தது எது, பகிராதது எது

பேச்சு 1970 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. நாசாவின் ராபர்ட் கில்ருத் தலைமையில் ஒரு சிறு குழு மாஸ்கோவுக்குப் போனது. லன்னியும் அதில் இருந்தார். அப்போதைய பேச்சு ஒரு குறிப்பிட்ட பயணத்தைப் பற்றியது அல்ல. ஒரு நாட்டுக் கலம் ஆபத்தில் சிக்கினால் இன்னொரு நாட்டுக் கலம் போய் மீட்க முடிய வேண்டும், அதற்குப் பொருந்துகிற டாக்கிங் அமைப்பு, அதாவது கலங்களை ஒன்றோடொன்று பூட்டும் அமைப்பு, வேண்டும் என்பதுதான் தொடக்கம்.

அன்று இருந்த டாக்கிங் முறையில் ஒரு கலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, மற்றதில் அதை வாங்கும் குழி. முனை உள்ள கலம் இன்னொரு முனை உள்ள கலத்தோடு சேர முடியாது. யார் முனை, யார் குழி என்பது இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் கௌரவப் பிரச்சினையாகவும் ஆகியிருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான வளையம் என்று முடிவானது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முன்வந்து பிடிக்கலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அசையாமல் நின்று பிடிபடலாம்.

நாசாவின் கால்டுவெல் ஜான்சன் வரைந்த வளையத்தில் நான்கு வழிகாட்டி இதழ்கள் இருந்தன. சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோமியாத்னிகோவின் குழு மூன்று இதழ்களோடு வந்தது. மூன்றே நிலைத்தது. அடுத்தது அதிர்வைத் தாங்கும் பகுதி. இரண்டு கலங்கள் மோதும் வேகத்தை உறிஞ்ச அமெரிக்கர்கள் ஹைட்ராலிக் முறையை விரும்பினார்கள், சோவியத்காரர்கள் மின்னியந்திர முறையை விரும்பினார்கள். இரண்டு தரப்புக்கும் தன் முறையில்தான் பழக்கம், தன் தொழிற்சாலையில்தான் நம்பிக்கை. எது சிறந்தது என்று வாதம் செய்ய ஆரம்பித்திருந்தால் 1975 என்ன, 1980-ம் வந்திருக்கும்.

அவர்கள் அந்த வாதத்தையே எடுக்கவில்லை. அவரவர் முறையை அவரவர் வைத்துக்கொண்டார்கள். வளையத்தின் முகம் எப்படி இருக்கும், இதழ்கள் எந்தக் கோணத்தில் நிற்கும், கொக்கி எங்கே மாட்டும், எவ்வளவு வேகத்தில் வந்தால் பிடிக்க வேண்டும், எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்பதில் மட்டும் உடன்பாடு. வளையத்துக்குப் பின்னால் இருப்பது உன் வீடு, நான் எட்டிப்பார்க்க மாட்டேன் என்கிற ஏற்பாடு. தொடும் இடத்தை விவரிக்கும் ஆவணங்களுக்கு எண் போட்டு, ஆங்கிலத்திலும் ரஷ்யத்திலும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டன.

இந்த முடிவின் பலன் உடனே தெரிந்தது. முதலில் அப்போலோ போய் இணைய வேண்டியது சல்யூத் என்கிற விண்வெளி நிலையத்தோடுதான். 1972 ஏப்ரலில், ஒப்பந்தம் கையெழுத்தான மே மாத உச்சிமாநாட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, நாசாவின் ஜார்ஜ் லோ மாஸ்கோவுக்குப் போனார். சல்யூத்தில் இன்னொரு டாக்கிங் வாசல் வைப்பது கடினம், சோயுஸையே அனுப்புகிறோம் என்றது சோவியத் தரப்பு. திட்டத்தின் பாதியையே மாற்றுகிற செய்தி. பொதுவாக இந்த மாதிரிச் செய்தி வந்தால் ப்ராஜெக்ட் ஆடிப்போகும், கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடக்கும். இங்கே அப்போலோ பக்கம் தொடும் இடம் மாறவில்லை, அதனால் லோ அங்கேயே ஒத்துக்கொண்டார்.

ஆளுக்கு ஆள்

வேலையை ஐந்து கூட்டுக் குழுக்களாகப் பிரித்தார்கள். பயணத் திட்டம், வழிகாட்டலும் கட்டுப்பாடும், டாக்கிங் இயந்திரம், தகவல் தொடர்பு, உயிர்காப்பும் ஆட்கள் மாறுவதும். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு தலைவர்கள், பக்கத்துக்கு ஒருவர். டாக்கிங் பற்றிக் கேள்வி என்றால் நாசா மையம் இருக்கும் ஹூஸ்டனில் இருப்பவர் மாஸ்கோவில் யாரைக் கேட்க வேண்டும் என்பது பெயரோடு தெரியும். லன்னியும் புஷுயெவும் முறை வைத்துத் தொலைபேசியில் பேசினார்கள், இரண்டு முனையிலும் மொழிபெயர்ப்பாளர். டெலக்ஸும் ஓடியது. கூட்டம் முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மினிட்ஸ் இரண்டு மொழியிலும் தயாராகிக் கையெழுத்தாகிவிடும். 'ஊருக்குப் போய் அனுப்பிவைக்கிறேன்' என்கிற பேச்சுக்கே இடமில்லை. என்னைக் கேட்டால் இந்த ஒரு பழக்கமே பாதித் திட்டத்தைக் காப்பாற்றியது என்பேன். கூட்டத்தில் தலையாட்டியதும் வாரம் கழித்து வரும் மின்னஞ்சலில் இருப்பதும் வேறு வேறாக இருப்பதை யார்தான் பார்த்ததில்லை?

1974 மே மாதத்தில் புஷுயெவின் நிறுவனத்தில் தலைமையே மாறியது. வசிலி மிஷின் போய் வாலன்டின் குளுஷ்கோ வந்தார். குளுஷ்கோ பழைய திட்டங்கள் பலவற்றைப் புரட்டிப்போட்டவர். சோவியத்தின் நிலவு ராக்கெட் அவர் காலத்தில்தான் கைவிடப்பட்டது. கூட்டுத் திட்டம் மட்டும் தொடர்ந்தது. இரு அரசுகளின் கையெழுத்து மேலே இருந்தது ஒரு காரணம். ஒப்புக்கொண்டதெல்லாம் ஆட்களின் நினைவில் இல்லாமல் காகிதத்தில் இருந்தது இன்னொரு காரணம்.

காகிதத்தோடும் நிற்கவில்லை. 1972 டிசம்பரில், அதாவது ஒப்பந்தம் ஆகி ஏழாவது மாதத்தில், ஐந்தில் இரண்டு பங்கு அளவில் செய்த வளைய மாதிரிகளை மாஸ்கோவில் ஒன்றோடொன்று மாட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஹூஸ்டனில் முழு அளவு. கடைசியில் விண்ணுக்குப் போகவிருந்த வளையங்களையே தரையில் பூட்டிப் பார்த்தார்கள். இரண்டு தரப்பும் தனித்தனியே சோதித்து 'எங்கள் பக்கம் சரி' என்று சான்றிதழ் மாற்றிக்கொண்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். அது போதாது என்பதற்குச் சாட்சி பின்னால் வருகிறது.

காற்று: எல்லையில் நிற்காத விஷயம்

வளையத்துக்குப் பின்னால் உன் வீடு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எல்லா விஷயமும் அதற்கு அடங்காது. காற்று அடங்கவில்லை.

அப்போலோவுக்குள் தூய ஆக்சிஜன், அழுத்தம் வளிமண்டலத்தின் மூன்றில் ஒரு பங்கு. சோயுஸுக்குள் நாம் தரையில் சுவாசிப்பது போலவே நைட்ரஜன் கலந்த காற்று, முழு அழுத்தம். சோயுஸிலிருந்து நேரே அப்போலோவுக்குப் போகிறவரின் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளிவரும். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் முக்குளிப்பவருக்கு வரும் அதே நோய். தவிர்க்க வேண்டுமானால் பல மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக் காத்திருக்க வேண்டும்.

தீர்வில் இரு தரப்பும் கை வைத்தன. அமெரிக்கர்கள் இரண்டு கலங்களுக்கும் நடுவில் ஒரு காற்றறையைக் கட்டினார்கள். மூன்று மீட்டருக்குச் சற்று மேல் நீளம், சுமார் 2 டன் எடை. அதன் ஒரு முனையில் அப்போலோவின் பழைய டாக்கிங் அமைப்பு, மறு முனையில் புதிய வளையம். நிலவுப் பயணங்களில் நிலவிறங்கு கலம் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் இது ராக்கெட்டில் ஏறியது. சோவியத் தரப்பு, இணைந்திருக்கும் நேரத்தில் சோயுஸின் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. அதனால் காத்திருக்கும் நேரம் பெரிதும் குறைந்தது.

அப்புறம் தீ. தூய ஆக்சிஜனில் சாதாரணத் துணி எப்படிப் பற்றிக்கொள்ளும் என்பதை 1967 ஜனவரியில் அப்போலோ 1 விபத்தில் மூன்று உயிர்களைக் கொடுத்து நாசா கற்றிருந்தது. சோயுஸ் வீரர்கள் போட்டுக்கொண்டு வரும் உடையும் கொண்டுவரும் கருவிகளும் அந்தக் காற்றில் தாங்குமா? சோவியத் தரப்பு 'லோலா' என்கிற எளிதில் தீப்பிடிக்காத புதிய துணியை உருவாக்கி வீரர்களுக்கு உடை தைத்தது.

யார் அதிகம் விட்டுக்கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், நடு அறையைக் கட்டியது ஒருவர், தன் கலத்தின் உள்காற்றையே மாற்றியது இன்னொருவர். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. அறை கட்டுவது பணச் செலவு. அழுத்தத்தை மாற்றினால் ஏற்கெனவே சோதித்து முடித்த அமைப்புகளையெல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கும். பக்கத்து மேலாளரிடம் 'உங்கள் பக்கம் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சாதாரணமாகக் கேட்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' அவருக்கு எவ்வளவு வேலை என்று நமக்குத் தெரிவதில்லை.

சங்கடமான கேள்விகள்

1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 தரையிறங்கியபோது உள்ளே மூன்று வீரர்களும் இறந்திருந்தார்கள். பிரிந்து வரும்போது ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறிவிட்டது. சோயுஸ் திருத்தப்பட்டது. மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர், ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்த உடை. அந்தக் கலத்துக்குள் தன் ஆட்களை அனுப்பப்போகிற லன்னி, என்ன நடந்தது, எதை மாற்றினீர்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால் அது அந்த நாட்டின் துக்கத்தையும் ரகசியத்தையும் தொடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, கேள்வியை வழக்கமாக்கிவிடுவது. தீ, கல அழுத்தம், உந்துவிசை, வெடிமருந்துக் கருவிகள் என்று தலைப்பு தலைப்பாகப் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். சோயுஸ் பற்றி அவர்கள் எழுத வேண்டும், அப்போலோ பற்றி இவர்கள் எழுத வேண்டும். கேள்வி இரண்டு பக்கமும் போனதால் ஒருவர் நீதிபதியாகவும் மற்றவர் குற்றவாளியாகவும் நிற்கவில்லை.

1975 ஏப்ரல் 5 அன்று இந்த ஏற்பாடு கடுமையாகச் சோதிக்கப்பட்டது. ஜூலைப் பயணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. லாசரேவும் மகரோவும் ஏறிய சோயுஸ் ராக்கெட் நடுவழியில் பழுதாகி, கலம் சைபீரிய மலைச் சரிவில் வந்து விழுந்தது. இருவரும் பிழைத்தார்கள். சோவியத் தரப்பு சில நாட்களுக்குள்ளேயே நாசாவிடம் விஷயத்தைச் சொன்னது. பழுதானது பழைய வகை ராக்கெட், ஜூலையில் பயன்படப்போவது புதிய வகை என்றும் விளக்கியது. தன் தோல்விகளைப் பல ஆண்டுகளுக்கு மூடிவைத்த ஒரு நாடு இவ்வளவு சீக்கிரம் சொன்னதே பெரிய விஷயம். அமெரிக்க செனட்டில் வில்லியம் பிராக்ஸ்மயர் போன்றவர்கள் இந்தக் கூட்டே ஆபத்து என்று எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். லன்னியின் கையில் பதில் இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் பேச்சுக்கு வலு கூடியிருக்கும்.

எல்லாம் திறந்த மனதோடு நடந்தது என்று சொல்ல மாட்டேன். 1974 டிசம்பர் 2 அன்று ஒத்திகைக்காக சோயுஸ் 16 ஏவப்பட்டபோது, ஏவிய பிறகுதான் நாசாவுக்குத் தகவல் வந்தது. இதில் ஒரு சுவையான பின்னணி உண்டு. ரகசியமாக வைத்துக்கொள்வதானால் தேதியை முன்பே சொல்கிறோம் என்று சோவியத் தரப்பு முன்வந்தது. ரகசியத்தில் பங்கு வேண்டாம் என்று நாசா மறுத்துவிட்டது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து மேலாளர் 'உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், உங்கள் மேலிடத்துக்குத் தெரிய வேண்டாம்' என்று கொடுக்கும் தகவல், அந்த நேரத்துக்கு நெருக்கம் போலத் தெரியும். அடுத்த வாரம் அது கழுத்தைப் பிடிக்கும்.

யார் சொல்வது செல்லும்?

பயணத்தின்போது ஏதாவது தவறினால் யார் முடிவெடுப்பது? லோ 1972 ஏப்ரலில் மாஸ்கோவில் பேசி முடித்த 17 அம்சக் குறிப்பு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அப்போலோவை ஹூஸ்டன் கட்டுப்படுத்தும், சோயுஸை மாஸ்கோ அருகே கலினின்கிராதில் இருந்த மையம் கட்டுப்படுத்தும். கூட்டான பகுதிகளில் கலந்து பேசி முடிவு. ஒரு கலத்துக்குள் அவசரம் வந்தால் அந்தக் கலத்தின் நாடும் அதன் தளபதியும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மாற்று வழிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தரையோடு தொடர்பு இல்லையென்றால் தளபதியே முடிவெடுப்பார். விருந்தாளி அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இதை எழுதியது முதல் வளையத்தைச் செய்வதற்கும் முன்னால். நாம் பெரும்பாலும் பிரச்சினை வந்த இரவில்தான் 'இதற்கு யார் ஓனர்' என்று குழு அழைப்பில் தேட ஆரம்பிக்கிறோம்.

மொழியிலும் இதே நேர்மை. ஒவ்வொருவரும் எதிராளியின் மொழியில் பேசுவது என்று ஏற்பாடு. தன் மொழி அல்லாததைப் பேசுகிறவர் மெதுவாக, எளிய சொல்லில் பேசுவார். கேட்பவருக்கோ அது தாய்மொழி. ஸ்டாஃபர்டின் ரஷ்யனை 'ஒக்லஹோம்ஸ்கி' என்று லியோனோவ் கேலி செய்தார். ஸ்டாஃபர்டின் சொந்த மாநிலம் ஒக்லஹோமா.

ஜூலை 19 அன்று இரண்டாம் முறை இணைந்தார்கள். இந்த முறை சோயுஸ் பிடிக்கும் பக்கம், அப்போலோ பிடிபடும் பக்கம். பிடித்த உடனே அப்போலோவில் டீக் ஸ்லேட்டன் தவறுதலாகப் பக்கவாட்டு உந்துகலனை இயக்கிவிட, இரண்டு கலங்களும் ஆடின. வளையம் தாங்கியது. எதிராளியின் கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த விசை எல்லைகளில் இடம் இருந்தது. பயணத்தின் மோசமான நிகழ்வு கூட்டுப் பகுதியெல்லாம் முடிந்த பிறகுதான் நடந்தது. ஜூலை 24 அன்று அப்போலோ கடலில் இறங்கும்போது நச்சு வாயு உள்ளே புகுந்து மூவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. தரையிறங்கும் அமைப்பின் சுவிட்சுகள் உரிய நேரத்தில் போடப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் தனியாகச் செய்து பழகிய வேலையில் வந்த பிசகு அது.

ஆவணம் இருந்தும் தோற்ற ஒரு கதை

மேலே சொன்ன சாட்சி இதுதான். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் மிகத் தாழ்வாகப் போய் அழிந்தது. கலத்தைக் கட்டியது டென்வரில் லாக்ஹீட் மார்ட்டின், வழிநடத்தியது கலிஃபோர்னியாவில் ஜேபிஎல் என்கிற நாசா ஆய்வகம். சிறு உந்துகலன்களின் விசையைத் தரும் கோப்பில் ஒரு தரப்பு பவுண்டு–வினாடியில் எண்களைப் போட்டது, மறு தரப்பு நியூட்டன்–வினாடி என்று எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம்.

இரண்டும் ஒரே நாடு, ஒரே மொழி. மெட்ரிக் அளவுதான் வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதியே இருந்தது. இல்லாமல் போனவை வேறு. அந்தக் கோப்பை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இரு தரப்பும் சேர்ந்து ஓட்டிப் பார்க்கவில்லை. பாதை சரியில்லை என்று வழிநடத்தும் குழுவுக்குச் சந்தேகம் வந்தபோதும், அதை முறையான பிரச்சினைப் பதிவாகக் கொண்டுபோகவில்லை. பேச்சோடும் மின்னஞ்சலோடும் நின்றுவிட்டது. ஒரே வீட்டு ஆட்கள்தானே என்கிற நினைப்பில் கேள்வியைத் தளர்வாகக் கேட்டிருக்கிறார்கள். லன்னிக்கும் புஷுயெவுக்கும் அந்த நினைப்பு வர வாய்ப்பே இல்லை. ஒருவரையொருவர் முழுதாக நம்ப முடியாத நிலைதான் அவர்களைக் கவனமாக வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

எதை நகலெடுக்க முடியாது

இந்தத் திட்டத்தை அப்படியே எடுத்து நம் அலுவலகத்தில் வைக்க முடியாது. இரண்டு அரசுத் தலைமைகளும் வெற்றியை விரும்பின, பணமும் கொடுத்தன. அமெரிக்கச் செலவு மட்டும் 25 கோடி டாலர் அளவில். மூன்று ஆண்டுக்குத் தேதி அசையவில்லை. 'இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று நடுவில் யாரும் நோக்கத்தை வீங்கவைக்கவில்லை. இரண்டு வெண்டர்கள் ஒரே கிளையண்ட்டின் அடுத்த ஒப்பந்தத்துக்குப் போட்டி போடும் இடத்தில், பக்கத்து மேலாளர் தோற்றால் நமக்கு லாபம் என்கிற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அப்போலோ–சோயுஸில் ஒருவர் தோற்றால் இருவருக்கும் தோல்வி. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் மினிட்ஸில் எத்தனை கையெழுத்து போட்டாலும் பயன் பாதிதான்.

உறவும் நீளவில்லை. அமெரிக்காவின் விண்வெளி ஓடமான ஷட்டிலையும் சல்யூத்தையும் இணைப்பது பற்றி 1977-இல் பேசினார்கள், நாடுகளுக்கு நடுவில் சூடு ஏறியதும் அது கரைந்துபோனது. புஷுயெவ் 1978-இல் இறந்தார். வளையத்தை மட்டும் சிரோமியாத்னிகோவ் விடாமல் திருத்திக்கொண்டிருந்தார். 1995 ஜூன் 29 அன்று அட்லான்டிஸ் ஷட்டில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு இணைந்தது அந்த வழிவந்த அமைப்பில்தான். ஆனால் அந்த முறை அமெரிக்கா தன் பக்கத்து வளையத்தைத் தானே வடிவமைக்கவில்லை. ரஷ்யாவின் எனர்ஜியா நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கி ஷட்டிலில் பொருத்திக்கொண்டது.